மலையிறங்கும் லாரியும் நமது பொறுப்பும்



நமது இராமநாதபுரம் கடற்கரை சமவெளி. இங்கே லாரி ஓட்டப் பழகியவர் அஞ்சுவதெல்லாம், 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மீது வீசும் காற்றுக்குத்தான். அந்தப் பாலத்தைக் கடந்து வரும் சாலை, முன்னர் 49ஆம் எண் கொண்டிருந்த கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, போடிக்கு அப்பால் 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறுகிறது. சரக்கேற்றி முதன்முறை செல்லும் நம் பிள்ளைகள் அந்த ஏற்றத்தைக் கண்டு நடுங்குகின்றனர். அஞ்ச வேண்டியதோ மூணாறுக்கு அப்பால் நேரியமங்கலம் வரையிலான நெடிய இறக்கத்தை!

பிரேக்கை விடாது மிதித்தே இறங்கினால் டிரம் சூடேறி, பிடிமானம் குறையும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது அதனினும் கேடு. வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினின் துணையும் அற்றுப்போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்கள் கற்றுத்தரும் பாடம்.

பயணத்தில் மேட்டில் ஏறுகையில் தக்பீரும், பள்ளத்தில் இறங்குகையில் தஸ்பீஹும் கூறி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஏற்றத்துக்கு மட்டுமன்றி இறக்கத்துக்கும் திக்ர் உண்டு என்பதைக் கவனியுங்கள். நாவு திக்ரில் இருக்க, கை கியரில் இருக்கட்டும்.

வண்டி உரிமையாளர்களே! மீன் லாரியில் பனிக்கட்டி கரைவது மெய்தான். அதற்காக, மலையிறங்குபவரைக் கைபேசியில் அழைத்து விரட்டுவது எந்த வகையில் நியாயம்? டிரம் ஆறும்வரை ஓரமாக நிற்க அவருக்கு உரிமை உண்டு. புறப்படும் முன்னரே பிரேக் லைனிங்கைப் பார்த்து மாற்றிக் கொடுங்கள். அச்செலவை அவர் கூலியில் கழிக்காதீர்கள்.