சிக்கனம் கற்ற கருவி

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் மலைப்பாதையில், மூடுபனியிடையே வழி தேடும் லொறிச் சாரதிக்குக் கைபேசியே துணை. ஆனால் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஜீ.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலை, கருவியின் சொந்த இரைச்சலிலும் மெலிந்தது. அதனை எங்ஙனம் பிரித்தறிவது?

ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1023 குறிகள் கொண்ட தனக்கேயுரிய வரிசையை, செக்கனுக்கு ஆயிரம் முறை ஓதுகின்றது. கருவி தன்னிடமுள்ள அதே வரிசையை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கின்றது. பொருந்தியதும் இரைச்சல் தன்னைத்தானே கழித்துக்கொள்ள, குறி தலைதூக்குகின்றது. இதற்குக் கோடிக்கணக்கான பெருக்கல்கள் வேண்டும், மின்கலமோ சிறிது. பொறியியலாளர் கண்ட வழி வியப்பானது. அலையை நுணுக்கமாக அளவாது, மேலா கீழா என்று மட்டும் குறித்துக்கொண்டால், பெருக்கல் 'ஒன்றா, வேறா' என்னும் ஒப்பீடாகச் சுருங்கிவிடும். குறியின் வலிமையில் மூன்றிலொரு பங்கு போகும். சுற்றமைப்போ பன்மடங்கு சிறுக்கும். மோசமான பேரமன்று!

கம்பளையையும் தன் எல்லைக்குட் கொண்ட இந்தியாவின் நாவிக் அமைப்பும் இச்சிக்கனத்திற்கு இணங்க நேர்ந்தது. அதன் தொடக்கச் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளிலேயே பேசியமையால், சிறு கருவிகளுக்குத் தனி உறுப்புகள் தேவைப்பட்டன. 2023 மே 29இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, ஜீ.பி.எஸ். பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் பேசுமாறு அமைக்கப்பட்டது. கைக்கடிகாரத்துள் அடங்கும் கருவிக்கும் அதே அலைவாங்கி போதும். குறிவரிசை புதிது.