பாட்டில் தங்கிய சொல்

(திருப்பருத்திக்குன்றத்தில் பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



இத்திருக்கோயிலின் சங்கீத மண்டபத்தை அறியாதார் இங்கில்லை. விசயநகர அரசின் தண்டநாயகர் இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி 1387-88இல் எழுப்பியது அது. விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாய் விளங்குவதால் வருவோரெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கின்றனர். மண்டபத்தின் பெயரை நினைப்பவர் சிலரே. நான் அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு பேச வந்துள்ளேன். மொழியிழந்தவர்க்கு இசை மொழியை மீட்டுத் தருமா என்பதே பொருள்.

பக்கவாதம் மூளையின் இடப்பாகத்தைத் தாக்கும்போது, வலக்கையும் வலக்காலும் தளர்வதோடு சொல்லும் போய்விடுவதுண்டு. மருத்துவர் இதனை அஃபேசியா என்பர்; நாம் பேச்சிழப்பு என்போம். இது நாவின் நோயன்று, செவியின் நோயன்று, அறிவின் நோயுமன்று. பாரிசில் 1861ஆம் ஆண்டு புரோக்கா என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். எதைக் கேட்டாலும் அவர் ‘டான்’ என்னும் ஓரசையையே சொன்னார், கேட்டதைப் புரிந்துகொண்டார். அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது மூளையின் இடமுன்பகுதி சிதைந்திருந்தது.

நம் வீடுகளில் இத்தகையோர் படும் பாடு என்ன? செவிடர் என்று எண்ணி உரக்கக் கத்துகிறோம். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம். அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது நாமே வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். அவர் எதிரிலேயே சொத்துப் பிரிவினை பேசுவோரும் உண்டு. மௌன விரதம் ஒருவர் தாமே மேற்கொள்வது. இதுவோ அவர்மேல் வந்து விழுந்த மௌனம்.

வியப்பு இதுதான்: தண்ணீர் என்று கேட்க இயலாத அதே பெரியவர், அருகில் ஒருவர் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைத் தொடங்கினால் கூடவே முழுவதையும் சொல்லிவிடக்கூடும். இது புதிய செய்தியன்று. சுவீடன் நாட்டு ஓலோஃப் டாலின் 1745இலேயே இத்தகைய ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். வலப்பக்கம் செயலிழந்து ‘ஆம்’ என்பது தவிர வேறு சொல் வராத அவர், நோய்க்கு முன் கற்ற வழிபாட்டுப் பாடல்களைத் தெளிவாகப் பாடினார். தொடக்கத்தில் மட்டும் பிறர் கூடப் பாடவேண்டியிருந்தது. நெடுங்காலம் ஓதிப் பழகிய தொடர்களும் பாட்டும், புதிதாய்ச் சொல்கோத்துப் பேசும் வழியை மட்டும் நம்பியிருப்பதில்லை. மூளையின் வலப்பாகமும் அவற்றில் பங்கு கொள்கிறது.

மந்திரம் வந்ததும் வீட்டார் மகிழ்ந்து கண்ணீர் விடுகின்றனர். மறுநாள் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. மனம் உடைந்து முயற்சியையே விட்டுவிடுகின்றனர். ஓதுவது வேறு, பேசுவது வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் கட்டவேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட முறை அத்தகைய பாலமே. அன்றாடம் வேண்டிய சிறு தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வர். உயர்ந்ததும் தாழ்ந்ததுமாகிய இரண்டே சுரங்களில், மெதுவாக, அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடக்கையைத் தட்டி இசைப்பர். முதலில் முனகல், பின் இருவரும் சேர்ந்து பாடுதல், பின் பயிற்றுநர் நடுவில் குரலை நிறுத்திக்கொள்ளுதல், பின் நோயாளி தனியே சொல்லுதல், இறுதியில் கேள்விக்கு விடையாக அத்தொடரைக் கூறுதல். இசையைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பேச்சாக்குவர். 2011இல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க மக்களவை உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்கவும் இசைப்பயிற்சி துணைநின்றது.

இதில் சுரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 17 நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, சுரத்தைவிடத் தாளமும் பழகிய சொற்றொடருமே முதன்மை என்றது. எனக்கு இது ஆறுதலான முடிவு. பாடத் தெரியாத மருமகளும் தாளம் தட்டலாம் அன்றோ! தறியோசை கேட்டே வளர்ந்த காஞ்சிக்குத் தாளம் கையை நடத்துமென்று நான் சொல்லவேண்டியதில்லை. குறிலும் நெடிலும் அளவு பிசகாத நம் மொழியும் தாளத்துக்கு எளிதில் இசையும்.

எல்லார்க்கும் இது பயன்படாது. பிறர் சொல்வதை ஓரளவு நன்கு புரிந்துகொண்டு, சொல்ல மட்டும் இயலாதவர்க்கே ஏற்றது. சரளமாகப் பேசியும் பொருளின்றிப் பேசுவோர்க்கு உதவாது. யாருக்கு எது ஏற்றதென்று முடிவு செய்யப் பேச்சுப் பயிற்சி வல்லுநரை நாடவேண்டும். மைசூரில் இதற்கெனவே அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் உள்ளது. சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் வல்லுநர் உளர்.

வினைப்பயன் என்று அமைந்துவிடுவோரும் நம்மிடையே உளர். வினையை மறுப்பவன் அல்லேன். ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியத்தை ஒன்றாக வைத்திருக்கிறது. துறவியர்க்குச் செய்யும் தொண்டாகவே அது சொல்லப்பட்டது; நோயுற்ற தந்தைக்கு இல்லறத்தார் செய்வது அதற்கு அயலானதென்று நான் கருதவில்லை.

எந்தத் தொடரிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். அவருக்கு நாள்தோறும் எது தேவையோ அதிலிருந்து. பொழுது சாய்வதற்குள் உண்ணும் நோன்பை அறுபது ஆண்டு காத்தவர், வீட்டார் மறந்திருக்கும் ஒரு மாலையில் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி வாய்திறக்க இயலாமல் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சோறு போடு’ என்பது நான்கே அசை. இடக்கையைப் பிடித்து நான்கு தட்டு. அதையே முதற்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.