தனியே பறக்கும்போது

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாவுக்கு வரமுடியாதவர்கள் எழுதிய கடிதங்களைச் செயலாளர் எனக்குக் காட்டினார். முழங்கால் நோ, சீனி வருத்தம், வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று பல காரணங்கள். சிலரோடு தொலைபேசியில் கதைத்தபோதுதான் உள்ளதைச் சொன்னார்கள்: "பிளேனில தனிய வரப் பயமடி." அவர் இருந்தவரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பறந்தவர்கள் இப்போது பறப்பதே இல்லை. பேரப்பிள்ளை பிறந்ததற்கும் போகவில்லை, தமக்கையின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. பௌதிகவியல் படிப்பித்தவள் என்றபடியால் இதைப்பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில், இந்தப் பயத்தை யாரும் பகிடி பண்ண வேண்டாம். எங்களில் பலருக்கு இது உயரத்தைக் கண்ட பயம் அல்ல. பொம்மர் சத்தம் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடிய வகுப்புகள் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. காது படித்த பாடத்தை மனம் இலேசில் மறக்காது. அப்படியானவர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் இருக்கும் ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள், இரைச்சல் குறைவு. குலுக்கம்தான் உபத்திரவம் என்றால் செட்டைக்கு நேரே உள்ள வரிசை நல்லது. சீசோவின் நடுவில் இருக்கிற பிள்ளைக்கு ஆட்டம் குறைவல்லவா, அதே கணக்கு.

கிளம்பிய சற்று நேரத்தில் காலுக்குக் கீழே 'தொம்' என்று கேட்பது சில்லுகள் மடங்கிக் கதவு மூடும் சத்தம். பிறகு இயந்திர இரைச்சல் தணியும், உடம்பு கீழே விழுவதுபோல இருக்கும். விழவில்லை. மேலே ஏறும் வேகம் குறைகிறது, உட்காது அதைப் பிழையாக அறிவிக்கிறது. மழைக்கால முகில்களுக்குள் குலுங்குவது கிடங்கு விழுந்த றோட்டில் பஸ் போவது மாதிரித்தான். செட்டை வளைவதைப் பார்த்து நடுங்காதீர்கள், அது வளையும்படியே செய்யப்பட்டது. பறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய உச்சச் சுமையின் 1.5 மடங்கைத் தாங்கும் என்று காட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். இரட்டை இயந்திர விமானம் ஒன்று நின்றாலும் மற்றதோடு பறந்து இறங்கும். மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரையான மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 6,000 அடிக்குச் சற்று மேல். அங்கே சுற்றுலா போய் மூச்சு முட்டியவர் யார்? குலுக்கத்தில் காயப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டி கட்டாதவர்கள். ஆகவே இருக்கும்வரை பட்டியைக் கட்டியே இருங்கள்.

நெஞ்சு படபடத்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளவேண்டும். கோப்பியைக் குறையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா தந்த நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம். உங்கள் வைத்தியரைக் கேளுங்கள், ஏனென்றால் மணிக்கணக்காக அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டக்கூடும். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் "தனிய வாறன், பயம்" என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் என்ன?

பலாலியிலிருந்து 2019இல் சென்னைக்கு மீண்டும் விமானம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் அதில் ஒருமுறை பழகிப் பார்க்கலாம். காற்றாடி விமானம், இரைச்சல் கூட. ஆனாலும் நன்றாகப் பயப்படுவதற்குள் இறங்கிவிடும். 1947இல் எயர் சிலோனின் முதற் பயணம்கூட இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். அழுத்தம் சீராக்கும் வசதியே இல்லாத டக்கோட்டா அது.

என் கணிப்பில், தனியே போகும் பலருக்குப் பயம் வானத்தில் இல்லை. தோஹாவிலும் துபாயிலும் மாறி ஏறுவதில் இருக்கிறது. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். நடக்கத் தெரிந்தவர் கேட்கலாமா என்று யோசிக்காதீர்கள், நீண்ட தூரம் நடக்கமுடியாதவர்களுக்கும் அது உண்டு. மலிவு என்று பிள்ளைகள் ஒரு மணித்தியால இடைவெளியில் பதிவு செய்தால் மறுத்துவிடுங்கள். மூன்று மணித்தியாலமாவது வேண்டும். லண்டன்காரருக்குக் கொழும்புக்கு நேரடி விமானமே இருக்கிறது. பிள்ளைகளின் இலக்கங்களைக் கடதாசியில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். கைத்தொலைபேசியின் சார்ஜ் இறங்குவது எப்போதும் தோஹாவில்தான்.