மீதியானும் பழவேற்காடும்



பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவன் துன்பத்தின் மகிமையை விஸ்தாரமாக எடுத்துரைத்துவிட்டுப் போவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஆனால் பழவேற்காட்டு ஏரியின் பசியாவரத்திலும் அதைச் சூழ்ந்த குப்பங்களிலும் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கே படகேறிப் போய், வலையில் ஒன்றும் படாத நாட்களில் வீட்டில் அடுப்பு எரியாததையும் கண்டு வளர்ந்த உங்கள் முன்னே நின்று, துன்பம் நல்லது என்று நான் உபதேசிப்பேனாகில், அது நீச்சல்காரனுக்கு நீரின் குணத்தை விவரிப்பதைக் காட்டிலும் பரிகாசத்துக்குரியதாகும். ஆகவே புகழுரையை விட்டு, வேதாகமம் இந்த விஷயத்தில் என்னதான் காட்டுகிறது என்று பார்ப்போம்.

எகிப்தில் இஸ்ரவேல் ஜனங்கள் பட்ட கஷ்டத்துக்கு அளவில்லை. கஷ்டம் தானாகவே தலைவர்களை உண்டாக்கும் என்பது மெய்யானால், தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்த அந்த ஜனத்திலிருந்து ஆயிரம் தலைவர்கள் எழும்பியிருக்க வேண்டும். யாத்திராகமம் சொல்லுவதோ வேறு. விடுதலைச் செய்தியோடு மோசே வந்து நின்றபோது, மனம் ஒடிந்து, வேலையின் கொடுமையால் களைத்துப்போயிருந்த அவர்களுக்கு அதைக் காதுகொடுத்துக் கேட்கக்கூடத் திராணி இல்லை. அந்தத் துன்பத்தைக் கடவுள் பயிற்சி என்று அழைக்கவுமில்லை; கூக்குரலைக் கேட்டு, அதற்கு ஒரு முடிவு கட்டவே இறங்கினார். ஆகையால், ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடல்நீர் உள்ளே வராமல், மீனும் இறாலும் குறைந்துபோவதைத் தெய்வம் உங்களுக்கு அனுப்பிய பாடம் என்று எவராவது பிரசங்கித்தால் நம்பாதீர்கள். தூர்ந்ததை வாரவேண்டும், வாருவதற்குப் பொறுப்பானவர்களைக் கேட்கவேண்டும்.

ஆயினும் துன்பத்துக்கும் தலைமைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பார்வோனின் அரண்மனையில் வளர்ந்து, ஆத்திரத்தில் ஓர் எகிப்தியனைக் கொன்று, பிரேதத்தை மணலில் புதைத்துவிட்டு மீதியானுக்கு ஓடிப்போன மோசே அங்கே மேய்த்த ஆடுகள்கூட அவனுடையவை அல்ல, மாமனாருடையவை. எந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறும், எந்தப் பள்ளத்தாக்கில் புல் இருக்கும் என்று அந்நிய மந்தையின் பின்னே நடந்து நடந்து அவன் அறிந்துகொண்ட வனாந்தரத்தின் வழியாகவே பிற்பாடு ஒரு ஜனக்கூட்டத்தை நடத்திக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஓரேப் மலைக்கே அந்த ஜனத்தையும் அழைத்துக்கொண்டு வந்தான். யோசேப்பு சிறையில் கற்றது இன்னும் நுட்பமானது. ஒருநாள் காலையில் உடன்கைதிகள் இருவரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, ஏன் இந்தத் துக்கம் என்று விசாரித்தான். தன் துயரத்திலேயே மூழ்கிக் கிடப்பவனுக்கு மற்றவன் முகம் தெரியாது. துன்பம் ஒருவனைத் தலைமைக்கு ஆயத்தப்படுத்துகிறதென்றால், அது இந்த அறிவைக் கொடுக்கும் அளவுக்குத்தான்: நாளை தான் நடத்தவேண்டிய ஜனங்கள் வசிக்கும் இடத்தையும், அவர்கள் முகத்தையும் அறிகிற அறிவு.

அவ்வித அறிவு இந்த ஏரியில் நிறைய உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை, எந்தக் கலாசாலையும் வகுத்துக் கொடுத்ததல்ல. ஆனால் அந்தப் பாட்டில் பங்கில்லாத இருளர், ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் ஊர்ந்து, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடிப்பதையும் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். கஷ்டப்பட்டவர்கள் கூடித் தங்களுக்குள் நியாயமாக நடந்துகொள்வார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவன் அவர்கள் கண்ணுக்கே படாமலும் போவான். இதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தக் கரைக்கே உரிய ஒருவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பிலிப்பு பப்ரிசியு என்று நம் சபைகள் அறிந்த ஜெர்மானியர், 1740-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, இரண்டு ஆண்டுகளில் சென்னை மிஷனின் பொறுப்பை ஏற்றார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்கவே, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சேனை சென்னையை முற்றுகையிட்டு, வேப்பேரியும் கொள்ளைபோனபோது, தம் சபையாரோடு மறுபடியும் இதே ஊருக்கு ஓடிவந்தார். மேய்ப்பன் முன்னே போக மந்தை பின்னே வரும் என்பது சித்திரங்களில் காணும் காட்சி. இங்கே இருவருமே அகதிகள். இந்த யுத்தங்களின் விசித்திரம் பாருங்கள்: அவரை இருமுறை வீடிழக்கச் செய்த அதே சண்டைகளின் முடிவில், 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சியந்திரம் வேப்பேரி மிஷனுக்கு வந்துசேர்ந்தது. அவர் திருத்தியமைத்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இலும், தமிழ் ஆங்கில அகராதி 1779-இலும் வெளிவந்தன. பண்டிதர்களுக்கு மட்டுமன்றிச் சாதாரண ஜனங்களுக்கும் விளங்கும் தமிழை அவர் நாடியதற்கு, அந்த ஜனங்களோடு ஓடியதும் ஒளிந்ததும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்பது என் யூகம். சாசனம் எதுவும் என் கையில் இல்லை.

இத்துடன் நிறுத்தினால் கதை அழகாயிருக்கும். ஆனால் பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. அத்தனை பாடுபட்ட அந்தப் பெரியவர் முதுமையில் கடனாளியாகச் சிறையில் இருந்தார்; 1791-இல் காலமானார். அவருடைய யோக்கியதையை நான் சந்தேகிக்கவில்லை. யுத்தத்தையும் பட்டினியையும் தாங்கக் கற்றுக்கொண்டவருக்கு, கணக்கு வழக்கில் எச்சரிக்கையாயிருக்க அந்த அநுபவம் கற்பிக்கவில்லை, அவ்வளவே. கஷ்டப்பட்டவன் ஆகையால் தவறமாட்டான் என்று ஜனங்களும் நம்பிவிடுகிறார்கள். சில சமயம் அவனே நம்பிவிடுகிறான்.

மோசேக்கோ தடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். அவனுக்கு மீதியான் தந்த மிகப் பெரிய ஈவு எத்திரோ என்ற அந்த மாமனார்தான் என்று நான் நினைப்பதுண்டு. காலைமுதல் மாலைமட்டும் தனியொருவனாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து, நீ செய்வது சரியல்ல, நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள், ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தனித்தனியே அதிபதிகளை ஏற்படுத்து என்று சொல்ல அவரால் முடிந்தது. செங்கடலைக் கடந்துவந்த தலைவன் அதை மறுபேச்சின்றிக் கேட்டுக்கொண்டான். உங்களில் சிலர் சபையின் பெட்டிச் சாவியையும், சிலர் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தையும், சிலர் ஊர்ப்பணத்தையும் இவ்வருடமே கையில் வாங்கப்போகிறீர்கள். வாங்குகிற அன்றே, எந்த நேரமும் வந்து கணக்கைக் காட்டு என்று கேட்கத் தயங்காத இருவரை உங்கள் ஊரிலேயே தேடிக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர், கூடுமானால், பாட்டில் பங்கில்லாத வீட்டைச் சேர்ந்தவராக இருக்கட்டும்.