கூரையைப் பிரித்த நால்வர்

சோர்ந்துபோனவனுக்கும் நொறுங்கிப்போனவனுக்கும் கிறிஸ்தவ விசுவாசம் என்ன கொடுக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விடையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாருடைய காயத்தையும் மறைய வைப்பேன் என்று அந்த விசுவாசம் வாக்குக் கொடுக்கவே இல்லை. காயப்பட்டவனைத் தனியே விடமாட்டேன் என்கிறது. அந்தக் காயத்தோடேயே உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன் என்கிறது. சுகம் என்ற சொல்லுக்கு வேதத்தில் நான் காணும் பொருள் இதுதான். ஆதாரம் வேண்டுமா? உயிர்த்தெழுந்தவருடைய கைகளைப் பாருங்கள். மரணத்தையே ஜெயித்தவருக்கு ஆணித் தழும்பை அழிக்கத் தெரியாதா? அழிக்கவில்லையே! சந்தேகப்பட்ட தோமாவுக்கு அந்தத் தழும்பைத்தானே காட்டினார்!

சோர்ந்து விழுந்தவரைக் கடவுள் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் அத்தனை பேருக்கு எதிரே தனியாக நின்று வென்ற தீர்க்கதரிசி எலியா, அடுத்து அரசி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்தான். என்ன கொண்டுவந்தான்? பிரசங்கமா? தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர்! சாப்பிட்டார், மறுபடி படுத்தார். மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக் குகைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. முதலில் சோறு, தூக்கம், கேள்வி பிற்பாடு. இருண்டுபோன மனதோடு வீட்டில் ஒருவர் படுத்திருந்தால் நாம் இந்த வரிசையிலா நடக்கிறோம்? 150 சங்கீதங்களில் 88-ஆவது சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை அழுகை, முடிவதும் இருளில். அதையும் ஜெபமாக ஏற்றுக்கொண்ட வேதம் இது.

இப்படிப்பட்ட வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு விசுவாசம் பத்தாது, அதனால்தான் சுகம் வரவில்லை என்று நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்! (கை தட்ட வேண்டாம், எனக்கு இது வயிறு எரிகிற விஷயம்.) பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாயிடம் போய், நீ இன்னும் நன்றாக ஜெபித்திருக்கலாம் என்று சொல்ல எந்த அப்போஸ்தலன் கற்றுக்கொடுத்தான்? பவுல் மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன்மேல் கைவைத்தார், காய்ச்சல் போயிற்று. அதே பவுல் தம் தோழன் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனதாகத் தம் கடிதத்திலேயே எழுதுகிறார். வயிற்றுக் கோளாறும் அடிக்கடி பலவீனமும் வந்த சீடன் தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று கைவைத்தியம் சொல்கிறார். தம் உடம்பிலிருந்த முள் நீங்க மூன்று தரம் மன்றாடினார், நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் பத்தவில்லையா? சொல்லட்டும், கேட்கிறேன்!

விசுவாசக் கணக்குப் பார்க்கிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்கட்டும். கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரன். வாசலில் இடமில்லாத கூட்டம். நான்கு பேர் அவனைச் சுமந்து மேலே ஏறுகிறார்கள், கூரையைப் பிரிக்கிறார்கள், கீழே இருப்பவர்கள் தலையில் மண் உதிர்ந்திருக்கும், யாரோ திட்டியிருப்பார்கள். படுக்கையை இறக்கிவிட்டார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? அந்த நால்வருடையதை! படுத்திருந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. நம்ப முடியாத அளவுக்கு ஒருவன் களைத்துப்போனால், அவனுக்காக நம்புவதற்கு நாலு பேர் போதும். அந்த நால்வரின் பெயர் வேதத்தில் இல்லை. ஆனாலும் அவர்களை விட்டு என் மனம் நகர மறுக்கிறது.

நம் வேலூருக்கு வாருங்கள். கேரளத்துப் பெண் மேரி வர்கீஸ், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த இளம் டாக்டர். 1954-இல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது, முகத்திலும் காயம். போன உணர்வு திரும்பவே இல்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அங்கே செய்துகொண்டிருந்தார். நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைக்கும் நுட்பமான வேலை. கைக்குச் செய்யும் அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஊர் ஒதுக்கிய கைகளை அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை தாங்கினார். 1972-இல் பத்மஸ்ரீ. அவர் எவ்வளவு ஜெபித்திருப்பார்! கால் வரவில்லை. அந்த நாற்காலியை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போன கை யாருடையது? அதுவும் நால்வரில் ஒன்றுதான் ஐயா!

இதெல்லாம் வலிக்குப் போடுகிற அபின்தானே என்று பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். மரியாதையோடு பதில் சொல்கிறேன். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப்போவதால் சுடுகிற பாத்திரத்தையும் குத்துகிற ஆணியையும் கை அறியாமல் தேய்ந்துபோகிறது என்று காட்டியவர் இதே பிராண்ட். மரத்துப்போவதே ஆபத்து, வலி காவல் என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர் அபின் கொடுக்கவா வந்தார்? விசுவாசமே இல்லாத நல்ல மருத்துவர்களும் இந்தத் தொண்டைச் செய்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா என்று சிலர் பயந்து கேட்கிறார்கள். பவுலோடு கூடவே போன லூக்கா ஒரு வைத்தியர், அது போதாதா? வேலூர் பாகாயத்து மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். படுக்கையைச் சுமக்க அங்கேயும் ஆள் வேண்டியிருக்கிறது.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஆலயங்கள் பலவற்றில் ஐந்தாறு படி ஏறினால்தான் உள்ளே போக முடியும். சக்கர நாற்காலியில் வருகிறவர் வெளியே மரத்தடியில் இருந்து ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டுவிட்டுப் போகிறார். மேரி வர்கீஸ் இன்று வந்தாலும் அவருக்கும் அந்த மரத்தடிதான்! அந்த நாலு பேர் அடுத்தவன் வீட்டுக் கூரையையே பிரித்தார்கள். நமக்கு வேண்டியது கொஞ்சம் செங்கல், சிமெண்ட், ஒரு சாய்தளம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆலயத்துப் படிகளை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.