உழவன் கையில் காசு கொடுத்தால் கெட்டுப்போவானா?

(ஓர் உழவர் கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



நமக்கு முன் பேசிய தோழர், சர்க்கார் உழவன் கையில் நேராகப் பணம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, "இந்தக் காசு சாராயக் கடைக்குத்தான் போகும், உழைக்கிறவனும் சோம்பேறியாகி விடுவான்" என்பதாகச் சொன்னார். உங்களில் பலர் தலையை ஆட்டினீர்கள். அவர்மீது நமக்குக் கோபமில்லை. டீக்கடையிலும், ரயிலிலும், பத்திரிகையிலும் இதே பேச்சைத்தான் நாமும் கேட்டு வருகிறோம். ஆனால் பலபேர் பலகாலமாகச் சொல்லுகிறார்கள் என்பதே ஒரு சங்கதிக்கு ஆதாரமாகிவிடுமா? ஆகுமானால் பேயும் உண்டு, பில்லிசூனியமும் உண்டு என்றுதானே ஒப்புக்கொள்ள வேண்டும்? ஆகையால் இதையும் மற்ற நம்பிக்கைகளைப் போலவே தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் உழவன் வீட்டுக் கணக்கை எடுத்துக் கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரனுக்கு மாதாமாதம் வரவு, மாதாமாதம் செலவு. உழவனுக்கோ வரவு வருஷத்தில் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை. செலவு மட்டும் தினந்தோறும். விதைக்கும் நடவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டிய மாதத்தில் அவன் கை காலியாயிருக்கும். என்ன செய்வான்? உரக்கடைக்காரரிடமோ, நெல் வியாபாரியிடமோ, வட்டிக்காரரிடமோ போய் நிற்பான். 2000 ரூபாய் ஐந்து வட்டிக்கு, அதாவது 100-க்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 600 ரூபாய். அதோடு போயிற்றா? கடன் கொடுத்தவர் களத்துமேட்டிலேயே வந்து நின்று, அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளந்துகொண்டு போவார். இரண்டு மாதம் பொறுத்தால் நல்ல விலை வரும் என்பது உழவனுக்குத் தெரியாததல்ல. பொறுக்க முடியாத நிலைமையில் அவன் இருக்கிறான் என்பதுதான் சங்கதி.

ஆகவே, நடவு மாதத்தில் 2000 ரூபாய் கடனாக இல்லாமல் கைக்கு வந்தால், அது உழவனுக்கு 2600 ரூபாய்க்குச் சமானம். விளைந்ததைத் தன் இஷ்டப்படி விற்கும் சுதந்திரம் அதற்கு மேல் லாபம். அதே 2000 அறுவடை முடிந்து, வட்டியும் ஏறியபின் வந்தால் பாதிப் பயன்கூட இராது. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைப் போலவே எப்பொழுது கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

சரி, குடித்துவிடுவான் என்கிறார்களே, அதைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மேற்கே, விக்டோரியா ஏரியை அடுத்து ராரியெடா என்ற வட்டாரம் இருக்கிறது. மக்காச்சோளம் பயிரிட்டு, ஆடுமாடு வளர்த்துப் பிழைக்கும் ஜனங்கள். கிவ்டைரக்ட்லி என்னும் தருமஸ்தாபனம் 2011 முதற்கொண்டு அங்கே புல்வேய்ந்த கூரை வீட்டுக் குடும்பங்களுக்கு யாதொரு நிபந்தனையும் இல்லாமல் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிற்று. சிலருக்கு ஒன்பது மாதம் மாதாமாதம். சிலருக்கு ஒரே தொகையாக. யாருக்குக் கொடுப்பது, யாரை விட்டுவிடுவது என்பதைச் சீட்டுப்போட்டு எடுப்பது போலவே தீர்மானித்தார்கள். ஏன்? பணம் பெற்ற குடும்பத்தையும் பெறாத குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் பணத்தால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்பது விளங்கும்?

ஆராய்ச்சிக்காரர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவு என்ன? பணம் பெற்ற வீடுகளில் சாப்பாடு மேம்பட்டது. ஆடுமாடு பெருகிற்று. பலர் புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். அடிக்கடி கூரை வேயும் செலவு அதனால் மிச்சம். மாதாமாதம் பெற்றவன் வயிற்றுக்கு அதிகம் செலவிட்டான். மொத்தமாகப் பெற்றவன் கூரை போன்ற நிலையான காரியத்தில் போட்டான். மதுவுக்கும் புகையிலைக்கும் செய்த செலவோ ஏறவேயில்லை. அந்தத் தோழர் சொன்ன சாராயக் கடை எங்கே போயிற்று?

"அது ஆப்பிரிக்கா" என்பீர்கள். நம் தேசத்திலேயே மத்தியப் பிரதேசத்தில் 2011-இல் சேவா என்னும் பெண்தொழிலாளர் சங்கம், யூனிசெஃப் உதவியுடன், எட்டுக் கிராமங்களில் வயது வந்தவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100 ரூபாய் கொடுத்தது. பிறகு அதை 300, 150 ஆக்கிற்று. ஜனங்கள் சோம்பேறி ஆனார்களா? விதையும் உரமும் வாங்கிச் சொந்த நிலத்தில் அதிகம் உழைத்தார்கள். கூலிக்குப் போவதுதான் குறைந்தது. "ஆள் கிடைப்பதில்லை, சோம்பேறியாகிவிட்டான்" என்று பெரிய பண்ணைக்காரர் சொல்லுவதன் உள் அர்த்தம் இப்போது தெரிகிறதா? தன் வயலுக்கு வராதவன் எல்லாம் அவர் கணக்கில் சோம்பேறி!

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். ஆலை முதலாளிக்கு வரியிலே சலுகை கொடுத்தால் அதற்குத் "தொழில் ஊக்கம்" என்று பெயர். அவர் அதைக் குடித்துவிடுவாரா என்று யாரும் கேட்பதில்லை. உழவனுக்குக் கொடுத்தால் மட்டும் "இலவசம்" என்று பெயர். ஒழுக்க விசாரணையும் உடனே வந்துவிடுகிறது. இது என்ன நியாயம்?

தோழர்களே! இதனால் சர்க்கார் கொடுப்பதெல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. குற்றம் பணத்தில் இல்லை. அது யார் பெயரைத் தேடிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்திய சர்க்கார் 2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கிற்று. வருஷம் 6000 ரூபாய். மூன்று தவணையாக 2000 வீதம் பாங்கிக் கணக்குக்கே வரும். கணக்குப் போட்டால் மாதம் 500. முதலில் 5 ஏக்கர் வரை உள்ளவருக்கு என்றார்கள். அந்த வருஷமே அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் யாருக்கு? நிலம் தன் பெயரில் உள்ளவருக்கு! குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவன் கையில் என்ன இருக்கிறது? மண்வெட்டி இருக்கிறது, கடன் இருக்கிறது, பட்டா இல்லை. பட்டாக்காரர் பட்டணத்தில் இருப்பார்; பணம் அவர் கணக்கில் ஏறும். சேற்றில் நிற்பவனுக்கு ஒன்றுமில்லை. தெலங்கானாவில் 2018-இல் தொடங்கிய ரைத்து பந்துவும் இதே வழிதான். ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4000 என்றார்கள். ஒரு ஏக்கர்காரனுக்கு 4000, பத்து ஏக்கர்காரருக்கு 40000, குத்தகைக்காரனுக்குப் பூஜ்யம்!

பெண்கள் சங்கதி இன்னும் மோசம். நாற்று நடுவது, களை எடுப்பது, மாடு பார்ப்பது எல்லாம் அவர்கள். ஆனால் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை சுமார் 14 தான். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தார்கள். இந்த மாகாணத்தில் அது சட்டமாக 1989 வரை, 60 வருஷம் ஆயிற்று. சட்டம் வந்தும் பட்டாவில் பெயர் ஏறவில்லையானால் அந்தப் பணம் எப்படி அவள் கைக்கு வரும்?

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஒடிசா சர்க்கார் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரத்துக்கு உழுகிறவனையும் சேர்த்தார்கள். நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கும் ஆடு, கோழி, காளான் வளர்க்க 12500 ரூபாய் என்றார்கள். மனமிருந்தால் உழுகிறவனைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு இது போதாதா?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பணம் கொடுத்துவிட்டோம், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வாய்க்கால் மராமத்தும் இனி உங்கள் பாடு என்று எந்த சர்க்காராவது சொன்னால் ஏமாந்து போகாதீர்கள். கென்யாவிலும் சாப்பாடும் கூரையும்தான் தேறின. உடல்நலத்திலும் படிப்பிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் காணவில்லை. 2000 ரூபாயைக் கொண்டு எவனும் தனக்கென்று ஓர் ஏரியை வெட்டிக்கொள்ள முடியாது.

ஆகவே தோழர்களே! "ஏழை குடித்துக் கெடுவான்" என்று இனி யாராவது சொன்னால், "எங்கே சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், நீங்கள் உழும் நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அதில் உங்கள் மனைவி பெயர் உண்டா, போன தவணைப் பணம் யார் கணக்கில் ஏறிற்று என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அதில் வரும் பதிலை அடுத்த கூட்டத்தில் இந்த மேடையில் ஏறிச் சொல்லுங்கள். நாம் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.