கதவு எந்தப் பக்கம்?

இந்த வாரம் என்னுடைய ஒரு முட்டாள்தனத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். மொத்தமே அரை நிமிஷம் நடந்த விஷயம். ஆனா அதைச் சொல்ல ஒரு தீவு, ஒரு குகை, ஒரு கப்பல் மூன்றும் வேண்டும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

இடம் மால்ட்டா. இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கிற குட்டி நாடு. மால்ட்டா, கோஸோ என்று இரண்டு தீவுகள், நடுவில் கொமினோ என்று இன்னொரு துண்டு. முழுக்கச் சுண்ணாம்புக்கல். வருஷம் முழுக்க ஓடி, மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகிற ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. நல்ல நாளில் 30 மீட்டர் தூரம் தெரியும். கடல் பாறையைக் குடைந்து குடைந்து குகைகள் நிறைய. இரண்டாம் உலகப் போரில் மூழ்கியவை, டைவர்களுக்காகவே மூழ்கடித்தவை என்று கப்பல்களும் நிறைய.

முதல் நாள் கோஸோ. துவெய்ரா என்ற இடத்தில் ‘ப்ளூ ஹோல்’ இருக்கிறது. பாறைக்கு நடுவில் ஒரு பத்து மீட்டர் அகலத்துக்குக் கிணறு மாதிரி. உள்ளே இறங்கினால், சுவரில் இருக்கிற ஒரு வளைவு வழியாக நேராகக் கடலுக்குப் போய்விடலாம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் சீசனில் கல்யாணக் காட்சிக்குப் பின்னால் ஒரு பெரிய கல் வளைவு தெரியுமே, அந்த ‘அஸூர் விண்டோ’ இதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 2017 மார்ச் 8 அன்று, புயல் நேரத்தில் அப்படியே சரிந்து கடலுக்குள் போய்விட்டது. இப்போ அந்தப் பாறைகளுக்கு நடுவில் நீந்திப் பார்க்கலாம்.

கிணற்றின் அடியில் ஒரு குகை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். வாசல் முழுக்க நீலம். அந்த நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. மேலே வந்ததும், “குகை டைவிங்கா? பண்ணியாச்சு” என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்புதான் பிரச்சினை.

மறுநாள் மால்ட்டாவின் தெற்குக் கரை. உம் எல் ஃபரூத் என்ற எண்ணெய்க் கப்பல். 110 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட 36 மீட்டர் ஆழத்தில் மணலில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கைடு மால்ட்டாக்காரப் பெண். இறங்குவதற்கு முன்னால் தெளிவாகச் சொன்னார்: “இன்னைக்குக் கப்பலுக்கு வெளியே மட்டும்தான். யாரும் உள்ளே போகக் கூடாது.”

நான் விடுவேனா? “நேத்து குகைக்குள்ள போனோமே?”

“நேத்து நீங்க எப்போ திரும்பினாலும் வாசல் தெரிஞ்சுது” என்றார். அவ்வளவுதான்.

டைவ் பண்ணாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு. அதாவது, ஒவ்வொரு மூச்சுக்கும் டேங்கிலிருந்து நான்கு மடங்கு காற்று போகும். பயந்து வேகமாக மூச்சு விட்டால் இன்னும் சீக்கிரம் காலி. இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

ஆனாலும் போனேன். கப்பலின் பின்பக்கம் ஒரு திறந்த கதவு. உள்ளே எங்கேயோ ஒரு வெளிச்சக் கீற்று. கைடு இன்னொருவருக்கு மாஸ்க் சரி பண்ணிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம் என்று ஃபினை நாலு தடவை அடித்தேன். தரையில் படிந்திருந்த துருவும் வண்டலும் மொத்தமாகக் கிளம்பியது. டீக்குள் விழுந்த மாதிரி. வெளிச்சக் கீற்று போச்சு. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெறும் பழுப்புத் திரை. மேலே கை வைத்தேன், இரும்பு. கடலில் பயம் வந்தால் மேலே பார்ப்போம் இல்லையா? அங்கே மேலே என்று ஒன்று கிடையாது. என் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

யாரோ என் ஃபினைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். வெளியே வந்த பிறகு பார்த்தேன். கதவிலிருந்து இரண்டு மீட்டர்கூட நான் போகவில்லை.

கைடு கட்டைவிரலை மேலே காட்டினார். எல்லோருடைய டைவும் அங்கேயே முடிந்தது. கரையில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “அங்க ஒரு தகடு இருக்கு, பார்த்தீங்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

1995 பிப்ரவரியில் அந்தக் கப்பல் மால்ட்டாவில் பழுதுபார்க்க நின்றிருந்தபோது, ஒரு ராத்திரி அதன் எண்ணெய் டேங்கில் வெடிவிபத்து. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் கப்பல் துறைமுகத்தில் சும்மா கிடந்தது. 1998இல்தான் இங்கே கொண்டுவந்து மூழ்கடித்தார்கள். அந்த ஒன்பது பேர் நினைவாகத்தான் தகடு.

“அவங்க வேலைக்குப் போனவங்க” என்றார். “நீங்க வேடிக்கை பார்க்கப் போனீங்க.”

என்னிடம் பதில் இல்லை. இப்பவும் இல்லை.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் அவரிடமே கேட்டு, மறுபடி அதே கப்பலுக்குப் போனேன். அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. தகட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். காற்று பாதி இருக்கும்போதே நானே கட்டைவிரலைக் காட்டினேன். மேலே வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கணும். கீழே பார்த்தேன். அவ்வளவு பெரிய கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்துக்குள் மங்கிக்கொண்டிருந்தது.

கப்பலுக்குள்ளும் குகைக்குள்ளும் போக ஆசை இருந்தால், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு போவது, வண்டல் கிளம்பாமல் ஃபின் அடிப்பது, காற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று வைத்துக்கொள்வது. நான் அதை இன்னும் படிக்கவில்லை. படிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளியேதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு அரை நிமிஷம் இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.